லைன் லீடர் பயிற்சியில் கோச்சிங்கை வெட்டச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஒரகடம்_பயிற்சி:

வணக்கம். வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த நிதியாண்டுக்கு லைன் லீடர்களுக்கான (உற்பத்தி வரிசையில் ஆபரேட்டர்களை வழிநடத்துபவர்கள்) பயிற்சித் திட்டம் போட்டிருக்கிறோம். முதலில் போனிலேயே பார்க்கும் ஆன்லைன் பாடங்கள். அப்புறம் இரண்டு நாள் வகுப்பு. கடைசியாக 8 வாரம், வேலை நடக்கும் இடத்திலேயே ஒருவர் கூட இருந்து கோச்சிங். பட்ஜெட் பேச்சு வந்ததும் நிர்வாகம் முதலில் கை வைத்தது இந்தக் கடைசிப் பகுதியில்தான். "பாடம் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, எதற்குத் தனியாக ஒரு ஆள்?" என்று கேட்கிறார்கள்.

என் கட்சி இது: பணம் குறைந்தால் வகுப்பை ஒரு நாளாக்கலாம், ஆன்லைன் பாடங்களில் பாதியைத் தூக்கலாம். கோச்சிங்கை நிறுத்தினால் மற்ற இரண்டுக்கும் போட்ட பணமும் வீண். லைன் லீடர் கற்கவேண்டியது என்ன? புது ஆபரேட்டருக்கு வேலை சொல்லிக்கொடுப்பது, ரிஜெக்ஷன் (தரம் போதாமல் தள்ளப்படும் பாகங்கள்) ஏறும்போது காரணத்தைத் தேடுவது, கோபத்தில் இருப்பவரிடம் நிதானமாகப் பேசுவது. வகுப்பில் எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். லைனுக்குத் திரும்பிய முதல் ஷிப்டிலேயே பழைய பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நிர்வாகத்திடம் காட்ட ஒரு ஆய்வு வைத்திருக்கிறேன். 1997-இல் ஒலிவெரோ, பேன், கோபல்மன் மூவரும் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றில் செய்தது. 31 மேலாளர்களுக்கு முதலில் பயிற்சி வகுப்பு, பிறகு 8 வாரம் தனித்தனியாகக் கோச்சிங். வகுப்புக்குப் பின் உற்பத்தித்திறன் 22.4 சதவீதம் கூடியது. கோச்சிங்கும் சேர்ந்தபின் 88 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு இல்லை, ஆட்களும் குறைவு. அதனால் இதை மட்டும் நம்பிக் கூட்டத்துக்குப் போக எனக்கு மனசில்லை. உங்கள் துறைகளில் என்ன பார்த்திருக்கிறீர்கள்?

எல்எம்எஸ்_ஆள்:

சார், நான் பெங்களூரில் ஆன்லைன் கற்றல் தளம் நடத்தும் பக்கம் இருக்கிறேன். நிர்வாகத்தின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பாடத்தை 50 பேருக்கும் 5,000 பேருக்கும் கொடுக்கலாம், செலவு பெரிதாக மாறாது. கோச் அப்படி இல்லை. ஆட்கள் கூடக் கூடக் கோச்சும் கூடவேண்டும், எல்லா கோச்சும் ஒரே தரத்தில் இருக்கமாட்டார்கள்.

88 சதவீதம் என்ற எண்ணைக் கூட்டத்தில் முன்னால் வைக்காதீர்கள். அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்த எண் அது. இடையில் வேறு எதனால் கூடியது என்று ஒரு நிதி அதிகாரி கேட்டால் பதில் இருக்காது. அதுபோல 70:20:10 (கற்பதில் 70 சதவீதம் வேலை அனுபவத்தில், 20 மற்றவர்களிடமிருந்து, 10 வகுப்பில் என்ற கணக்கு) என்றும் சொல்லிவிடாதீர்கள். 1980-களில் அமெரிக்காவில் சுமார் 200 உயர் அதிகாரிகளிடம் "எப்படிக் கற்றீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் நினைவிலிருந்து சொன்னதை முழு எண்களாக்கியது அது. யாரும் அளந்து பார்த்த விகிதம் அல்ல.

மறதிக்கு மருந்து வேறும் இருக்கிறது. 1885-இலேயே எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது, இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் எப்படி நிலைக்கிறது என்று காட்டிவிட்டார். அந்த வேலையைத் தளமே செய்யும். மூன்றாம் நாள் ஒரு கேள்வி, பத்தாம் நாள் ஒரு கேள்வி என்று போனுக்கு அனுப்பலாம். அதற்கு ஆள் வேண்டாம்.

ஷிப்ட்_பி:

நான் லைன் லீடராக இருந்து சூப்பர்வைசர் ஆனவன். உங்கள் இருவர் பேச்சிலும் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம், ஆனால் எங்கள் நேரம் இல்லை.

முன்பு நான் வேலை செய்த ஒரு இடத்தில் இதே மாதிரித் திட்டம் வந்தது. வெளியிலிருந்து கோச் கொண்டுவரப் பணம் இல்லை, அதனால் சூப்பர்வைசர்களே கோச் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு அரை நாள் வகுப்பு, ஒரு பைல், பைலில் வாராவாரம் நிரப்பவேண்டிய படிவம். மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டில் ஒரு பீஸ்கூடக் குறைக்கவில்லை. லைன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அதற்குள் ஒவ்வொரு லீடருடனும் நின்று பார்த்துப் பேசவும் வேண்டும். எப்படி நடக்கும்? சனிக்கிழமை மாலை உட்கார்ந்து எல்லாப் படிவத்தையும் ஒன்றாக நிரப்பினோம். தலைமை அலுவலகத்தில் கோச்சிங் முழுமையாக நடந்ததாகப் பதிவானது.

எல்எம்எஸ் சார் சொல்வது மாதிரி போனில் கேள்வி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. டார்க் ரென்ச் (போல்ட் குறித்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று சொல்லும் கருவி) எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கவேண்டும் என்பது அதில் நினைவில் நிற்கும். ஆனால் போல்ட்டை இறுக்கும்போது ஆபரேட்டர் கிளிக் சத்தம் வந்த பிறகும் இழுக்கிறார் என்பதைப் போன் பார்க்காது. அதைப் பார்க்கிற லீடர் அவரிடம் எப்படிச் சொல்கிறார் என்பதையும் பார்க்காது. பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

வட்டாரவளம்:

தொழிற்சாலைக்காரர்கள் நடுவே ஒரு ஆசிரியர் பயிற்றுநர் நுழைகிறேன், மன்னிக்கவும். ஆனால் ஒரகடம் சார் கேட்கும் சான்று எங்கள் துறையில்தான் கெட்டியாக இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015, 2016 ஆண்டுகளில் ஒரு சோதனை. ஆரம்ப வகுப்புகளில் செட்ஸ்வானா மொழி வாசிப்பு. ஒரு 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டிச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு 50 பள்ளிகளில் கோச் மாதந்தோறும் வகுப்பறைக்கே போனார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்பு, ஒரே வாசிப்பு நூல்கள். ஒப்பிட எதுவும் தராத பள்ளிகளும் இருந்தன. எந்தப் பள்ளிக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தைகளை அளந்தபோது, கூட்டிக் கொடுத்த பயிற்சியால் வந்த முன்னேற்றம் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 0.12. கோச் போன பள்ளிகளில் 0.24. இரட்டிப்பு. எல்எம்எஸ் சார் கேட்ட ஒப்பீட்டுக் குழு இதில் இருக்கிறது.

அடுத்ததுதான் நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கம். அதே நாட்டில் ம்புமலாங்கா மாகாணம், பாடம் ஆங்கிலம். ஒரு பகுதிப் பள்ளிகளுக்கு நேரில் வரும் கோச். இன்னொரு பகுதிக்கு டேப்லெட்டில் பாடக்குறிப்பும் வீடியோவும், கூடவே போனிலும் வாட்ஸப்பிலும் பேசும் கோச். மூன்று ஆண்டு முடிவில், அதே அளவில் சொன்னால், நேரில் கோச் வந்த பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சு 0.31, வாசிப்பு 0.13 கூடியது. தூரத்திலிருந்து கோச்சிங் கிடைத்த பள்ளிகளில் பேச்சு 0.12 கூடியது, வாசிப்பில் பலன் இல்லை. தாய்மொழி வாசிப்பு கொஞ்சம் கீழேயே போனது.

நம் ஊரிலும் வட்டார வள மையத்திலிருந்து நாங்கள் பள்ளிகளுக்குப் போகிறோம். ஆரம்ப வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் வகுப்பறையைப் பார்ப்பது கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் கையில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு போனால், கதவருகே நிற்கும்போதே ஆசிரியர் முகம் மாறிவிடுகிறது. நான் போனை முதலில் பைக்குள் வைத்துவிடுவேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பாடம் நானே எடுப்பேன், தடுமாறினால் தடுமாறட்டும். அதன்பிறகு அந்த ஆசிரியை தானாகவே சொல்வார், "சார், இந்த இடத்தில்தான் எனக்கும் நிற்கிறது" என்று. அதற்கப்புறம் பேசுவதுதான் கோச்சிங். படிவத்தைக் கிளம்பும்போது நிரப்பிக்கொள்ளலாம்.

எல்எம்எஸ்_ஆள்:

இந்த இரண்டு சோதனையும் எனக்குப் புதிது, நன்றி சார். இரண்டாவதுதான் உறுத்துகிறது. கோவிட்டுக்குப் பிறகு நாங்கள் விற்பதில் பாதி அந்த மாதிரி தூரக் கோச்சிங்தான். ஒரே மாதிரிப் பள்ளிகள், ஒரே உள்ளடக்கம், கோச் மட்டும் போனில். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வட்டாரவளம்:

என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். போனில் பேசும்போது ஆசிரியர் சொல்வதைத்தான் கோச் கேட்கிறார். "நன்றாகப் போகிறது, குழுவாசிப்பு செய்கிறேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. நேரில் போனால், முன் வரிசையில் ஆறு பிள்ளைகள் மட்டும் வாசிக்க மற்றவர்கள் வாயசைப்பதைப் பார்க்கிறோம். ஆசிரியருக்கே தெரியாத குறையைப் போனில் அவரிடமிருந்து யாராலும் கேட்டு வாங்க முடியாது.

இன்னொன்று, நேரில் வருபவர் அடுத்த மாதமும் வருவார் என்று தெரியும். அதனால் சொன்னதைச் செய்து பார்த்துவைக்கிறார்கள். வாட்ஸப் செய்திக்கு அந்தக் கனம் கிடையாது. ஒருமுறை நேரில் பழகிய பிறகு இடையிடையே போனில் பேசுவது நன்றாகவே ஓடுகிறது. ஆரம்பமே போனில் என்றால்தான் சிக்கல்.

வங்கி_திருச்சி:

எங்கள் துறையில் கிளை மேலாளர்களுக்கு இதுபோல் நடக்கிறது. எங்கள் கோச் பதிலே சொல்லமாட்டார், கேள்வி மட்டும்தான் கேட்பார். ஜான் விட்மோர் 1992-இல் பரப்பிய முறை: இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறாய். நாமே யோசித்துச் சொன்னதால் அந்த முடிவு நம்முடையதாகிறது. உங்கள் லைன் லீடர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஷிப்ட்_பி:

மேலாளருக்குச் சரி. நேற்று ஆபரேட்டராக இருந்து இன்று லீடர் ஆனவரிடம் "என்ன வழிகள் உண்டு?" என்று கேட்டால் திகைத்து நிற்பார். தெரியாததை எங்கிருந்து எடுத்துச் சொல்வார்? அவருக்கு முதலில் காட்டவேண்டும். கூட நின்று செய்ய விடவேண்டும். கேள்வி கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஒரகடம்_பயிற்சி:

ஷிப்ட்_பி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தொழிற்சாலையில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. இரண்டாம் உலகப்போர் சமயம், 1940 முதல் 1945 வரை, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி, அதாவது ஆலைக்குள்ளேயே பயிற்சி) என்று ஒரு அரசுத் திட்டம் நடந்தது. அனுபவமுள்ளவர்கள் படைக்குப் போய்விட்டார்கள், புதியவர்களை வேகமாகத் தேற்றவேண்டும். சூப்பர்வைசர்களுக்கு 10 மணி நேரத்தில் வேலை சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கே படி: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகும் வந்து பார். 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு அது போனது. போருக்குப் பின் ஜப்பான் எடுத்துக்கொண்டது, டொயோட்டாவில் இன்றும் அதன் வேர் இருக்கிறது. "தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை" என்பது அவர்கள் வாசகம்.

அந்த நான்காம் படியைத்தான் எங்கள் நிர்வாகம் வெட்டச் சொல்கிறது. முதல் படியும் இரண்டாம் படியில் பாதியும் ஆன்லைன் பாடத்துக்குப் போகலாம். செய்யவிட்டுப் பார்ப்பதற்கும் திரும்ப வந்து பார்ப்பதற்கும் ஆள் வேண்டும்.

வங்கி நண்பர் சொன்ன கேள்வி முறையையும் தள்ளவில்லை. 8 வாரத்தில் முதல் மூன்று வாரம் காட்டுவதும் திருத்துவதும், அதன்பின் மெல்லக் கேள்விக்கு மாறுவது என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

செவிலி_மதுரை:

கோச்சிங் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி வருவதால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிரசவ அறையில் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான்.

உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு சுகாதார நிலையங்களில் பெட்டர் பர்த் என்ற பெரிய ஆய்வு நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியல், 28 அம்சங்கள். பாதி நிலையங்களில் பட்டியலோடு 8 மாதம் கோச்சிங். கோச்சும் செவிலியர்தான். முதலில் அடிக்கடி வந்து, பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முடிவு 2017-இல் வந்தது. தொடங்கி 2 மாதத்தில், செய்யவேண்டிய முக்கியச் செயல்களில் கோச்சிங் உள்ள இடங்களில் 72.8 சதவீதம் நடந்தது, மற்ற இடங்களில் 41.7. கை கழுவுவது, காய்ச்சல் பார்ப்பது, பிறந்த உடனே தாய்ப்பால் கொடுப்பது மாதிரியான வேலைகள். கோச்சிங் நின்று சில மாதம் கழித்து, 12-ஆம் மாதத்தில் பார்த்தபோது அந்த 72.8 இறங்கி 61.7 ஆகியிருந்தது.

இதைவிட முக்கியம், தாய் சேய் இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்ந்த கணக்கு ஒரு பக்கம் 15.1 சதவீதம், மறுபக்கம் 15.3. வித்தியாசமே இல்லை. 1.5 லட்சத்துக்கும் அதிகமான தாய்மார்களைக் கொண்ட ஆய்வு இது.

இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. அந்தச் செவிலியர்கள் உழைத்திருக்கிறார்கள், பழக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறன், ரத்தம், மருந்து, சரியான நேரத்தில் மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி என்று எத்தனையோ சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும். கோச் பழக்கத்தை மாற்றுவார், இல்லாத பொருளைக் கொண்டுவர மாட்டார். உங்கள் ஆலையிலும் அளவுக்கருவியே பழுது என்றால், லீடரை எவ்வளவு தேற்றினாலும் ரிஜெக்ஷன் குறையாது. முதலில் அதைப் பாருங்கள் சார்.

கோச்சைக் குறைக்கும்போது அடியோடு விலக்காதீர்கள் என்பதும் இதில் தெரிகிறது. எங்கள் வார்டில் மூத்த செவிலி ஒருவர் மாதம் ஒருமுறையாவது கூட நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரகடம்_பயிற்சி:

அக்கா, நீங்கள் எழுதியது என் திட்டத்தையே மாற்றுகிறது. எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்கிறேன். லீடர் செய்யும் முறை மாறும் என்று வாக்குக் கொடுக்கலாம். ரிஜெக்ஷன் இத்தனை சதவீதம் குறையும் என்று பயிற்சிப் பிரிவு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஷிப்ட்_பி:

யாரும் தொடாத ஒன்று. கோச்சே அப்ரைசலும் எழுதுபவர் என்றால் என்ன ஆகும்? எந்த லீடராவது "எனக்கு இது வரவில்லை" என்று வாயைத் திறப்பாரா? ஊதிய உயர்வு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பலவீனத்தைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

ஸ்டுட்கார்ட்_தொழில்நுட்பம்:

யார் கோச்சாக இருக்கலாம் என்பதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு தகவல். இங்கே தொழிற்பயிற்சி இளைஞர்கள் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போவார்கள், மற்ற நாள் கம்பெனியில். இப்படி 2 முதல் 3.5 ஆண்டு. நீங்கள் பேசுவதுபோல வகுப்பும் வேலையிடமும் கலந்த கற்றலை ஆன்லைன் வருவதற்கு முன்பே நடத்தியவர்கள்.

கவனிக்கவேண்டியது, கம்பெனியில் பயிற்சிப் பொறுப்பாளராக இருப்பவர் தன் தொழிலில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது. கற்பிக்கத் தெரியும் என்று தனியாகத் தேர்வு எழுதவேண்டும். எழுத்துத் தேர்வோடு ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு, பயிற்சிச் சூழல் ஒன்றை நடத்தியோ விளக்கியோ காட்டி, அதைப்பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். 1972-இல் வந்த விதி. பயிற்சி இடங்கள் கூடட்டும் என்று 2003-இல் இதை நிறுத்திப் பார்த்தார்கள். தரம் குறைகிறது, பாதியில் விடுபவர்கள் கூடுகிறார்கள் என்ற புகார்கள் வந்து, 2009-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேலை தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற எண்ணத்தை ஒரு நாடே சோதித்துக் கைவிட்டது.

ஒவ்வொரு பிரிவிலும் கூட நிற்கும் மூத்த தொழிலாளிக்கு அந்தத் தேர்வு கட்டாயமில்லை, அவரைப் பொறுப்பாளர் வழிநடத்துவார். மாணவர் தான் செய்த வேலையை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரவேண்டும். பொறுப்பாளர் அதைப் படித்துக் கையெழுத்திடுவார். அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது.

எல்எம்எஸ்_ஆள்:

ஆரம்பத்தில் நான் எடுத்த நிலையிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை இன்னும் நிற்கிறது. ஆசிரியர் கோச்சிங் பற்றிய 60 ஆய்வுகளை 2018-இல் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் தொகுத்தார்கள். அதே திட்ட விலக்க அளவில், கற்பிக்கும் முறையில் 0.49, மாணவர் தேர்ச்சியில் 0.18 என்று நல்ல பலன். ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்துகொண்டே போகிறது. அதனால் எல்லா லைனிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நல்ல கோச் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ, அத்தனை லைனில் தொடங்குங்கள். மற்ற லைன்கள் காத்திருக்கட்டும். அப்படிச் செய்தால் உங்களுக்கே ஒரு ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்துவிடும், அடுத்த பட்ஜெட்டில் யாருடைய ஆய்வையும் கடன் வாங்கவேண்டாம்.

அளப்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பாடத்தை எத்தனை பேர் முடித்தார்கள், வகுப்பு பிடித்ததா என்பதெல்லாம் எங்கள் தளமே காட்டிவிடும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பயிற்சியின் பலனை அளக்க 1959-இல் கர்க்பாட்ரிக் பிரித்த நான்கு நிலைகளில் மூன்றாவது, வேலையில் நடத்தை மாறியதா என்பது. அதைக் கோச்சிங் முடிந்து மூன்று மாதம் கழித்து, கோச் அல்லாத ஒருவர் லைனில் நின்று பார்த்துக் குறிக்கவேண்டும்.

ஒரகடம்_பயிற்சி:

சரி, திருத்திய திட்டம் இப்படிப் போகிறது. ஆன்லைன் பாடம் பாதியாகும், வகுப்பு ஒரு நாள். இரண்டு லைனில் மட்டும் தொடக்கம். கோச்சுகளுக்கு, சொல்லிக்கொடுக்கத் தனியாகப் பயிற்சி, அதுவும் லைனில் நின்று செய்து காட்டவேண்டும். கோச் வேறு ஷிப்டிலிருந்து வருவார், அப்ரைசலில் அவர் கையெழுத்து இருக்காது, குறிப்புகள் மனிதவளத்துக்குப் போகாது. 8 வாரம் முடிந்ததும் மாதம் ஒருமுறை வருகை தொடரும். தொடங்குவதற்கு முன் அந்த இரண்டு லைனிலும் கருவிகள், ஜிக்குகள் (பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துபவை) எல்லாம் பராமரிப்புப் பிரிவு பார்த்துச் சான்று தரவேண்டும்.

ஷிப்ட்_பி:

ஒன்று விட்டுப்போச்சு சார். கோச் வரும் அரை மணி நேரம் லீடரின் இடத்தில் யார் நிற்பது? மாற்று ஆளை ஷிப்ட் அட்டவணையிலேயே பெயர் போட்டு எழுதுங்கள். அந்த அரை மணிக்கான டார்கெட்டையும் எழுத்தில் குறைத்து, உற்பத்தி மேலாளர் கையெழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தையாக விட்டால், மாத முடிவில் டிஸ்பேட்ச் நெருக்கும்போது முதலில் போவது அந்த அரை மணிதான்.